பழைய ஹோம் தியேட்டர்: எதைப் பழுது பார்ப்பது, எதை மாற்றுவது?

ஹோம் தியேட்டர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், எது போய்விட்டது என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். திரை, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர், ஐந்தோ ஏழோ ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிகளுக்கான ஒரு சப்வூஃபர், ஒரு பிளேயர், இவற்றை இணைக்கும் ஒயர்கள் என்று பல பொருள்கள் சேர்ந்ததற்குத்தான் அந்தப் பெயர். அவற்றில் ஒன்று படுத்துவிட்டதற்காக மொத்தத்தையும் கழித்துக்கட்டுபவர்கள் உண்டு; மாற்ற வேண்டிய பெட்டியை விடாப்பிடியாக மூன்று முறை பழுது பார்த்து, புதியதன் விலையைத் தவணை முறையில் மெக்கானிக்கிடம் கட்டியவர்களும் உண்டு.

இந்தக் கருவிகளுக்கு இரண்டு விதமாக வயதாகிறது. ஒன்று தேய்மானம்: ஸ்பீக்கரின் ஃபோம் உதிர்கிறது, மின்னைத் தேக்கும் கெபாசிட்டர் வறள்கிறது, புரொஜெக்டரின் விளக்கு மங்குகிறது. மற்றொன்று, கருவி நல்ல நிலையில் இருக்கும்போதே அதைச் சுற்றியுள்ள இணைப்பு முறைகளும் ஒலி, ஒளி வடிவங்களும் மாறிவிடுவது. தேய்மானத்தைப் பழுது பார்க்கலாம். இரண்டாவது வகை மூப்பை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய இயலாது. கருவியை மாற்ற வேண்டும், அல்லது அதைத் தவிர்த்துச் செல்லும் வழியொன்றைக் காண வேண்டும். உங்கள் பெட்டிக்கு ஆகியிருப்பது எந்த வகை வயது என்று பிரித்துப் பார்த்துவிட்டால், முடிவெடுப்பது பெரிதும் எளிதாகிவிடும்.

முதலில் பழுது இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு ஸ்பீக்கரில் ஒலி வரவில்லை என்றால் அந்த ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது. ரிசீவரை அணைத்துவிட்டு, இடது ஸ்பீக்கரின் ஒயரை வலது முனையிலும் வலது ஸ்பீக்கரின் ஒயரை இடது முனையிலும் மாற்றிச் செருகி, மீண்டும் இயக்கிப் பாருங்கள். மௌனம் அதே ஸ்பீக்கரில் தொடர்ந்தால் குறை ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. மௌனம் மறுபக்கத்துக்கு இடம் மாறினால் குறை ரிசீவரில் இருக்கிறது. நல்லது என்று தெரிந்த ஒன்றை, சந்தேகத்துக்குரிய ஒன்றின் இடத்தில் வைத்துப் பார்க்கும் இந்த எளிய முறையே எல்லாச் சோதனைக்கும் அடிப்படை. படம் வராதபோது வேறு எச்டிஎம்ஐ கேபிள், வேறு துளை, வேறு பிளேயர் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஸ்பீக்கரை இன்னும் தெளிவாகச் சோதிக்கலாம். ஒயரை ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்தால், 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 ஓம் காட்டும். அளவு குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். நேர்மின்சாரத்தில் அளக்கும்போது அப்படித்தான் வரும். எண்ணே வராமல் மீட்டர் திறந்த சுற்றைக் காட்டினால் உள்ளே சுருளோ இணைப்போ அறுந்திருக்கிறது என்று பொருள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அந்த ஸ்பீக்கரை ரிசீவரில் திரும்ப இணைக்கக் கூடாது.

ரிசீவர் இயங்கத் தொடங்கிய சில நொடிகளில் 'டிக்' என்ற ஓசையுடன் அணைந்துவிட்டால், அது பாதுகாப்பு நிலைக்குச் செல்கிறது. அப்போது எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றிவிட்டு வெறுமனே இயக்கிப் பாருங்கள். அணையாமல் நின்றால் குறை வெளியே இருக்கிறது. நான் ஒருமுறை பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ரிசீவரைச் சுமந்துகொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் மேசை மீது அது மணிக்கணக்கில் பிழையின்றிப் பாடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, சென்டர் ஸ்பீக்கரின் பின்புறத்தில் முடி போன்ற ஒற்றைச் செம்பு இழை சிவப்பு முனையிலிருந்து பிரிந்து கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இழைகளை இறுக முறுக்கித் திரும்பச் செருகியதோடு பழுது தீர்ந்தது.

ரிமோட் வேலை செய்யாவிட்டால் கைபேசிக் கேமராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான கேமராக்களில் ரிமோட்டின் முனையில் ஒளி மின்னுவது தெரியும். விசித்திரமாக நடந்துகொள்ளும் ரிசீவருக்கும் டிவிக்கும், கையேட்டில் சொல்லியிருக்கும் ரீசெட் முறையைச் செய்துபார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். இவை எவற்றுக்கும் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, திறக்கவும் வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் உள்ள பெரிய கெபாசிட்டர்கள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

ஸ்பீக்கர்களை அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள்

இந்தத் தொகுப்பிலேயே காலத்தால் மிகக் குறைவாகப் பழையதாகும் பொருள் ஸ்பீக்கர். அதற்குள் மென்பொருள் இல்லை, உரிமச் சரிபார்ப்பு இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த நல்ல ஸ்பீக்கர் இன்றைய ரிசீவரின் இரு முனைகளில் எந்தத் தயக்கமும் இன்றிப் பொருந்தும். எனவே ஸ்பீக்கருக்கு வருவது பெரும்பாலும் தேய்மான வகை மூப்புதான், அதுவும் குறிப்பிட்ட சில இடங்களில்தான்.

முன்வலையைக் கழற்றிவிட்டு, தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் கோன் எனப்படும் கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். அது ரப்பராக இருந்தால் நீண்ட காலம் உழைக்கும். ஃபோமாக இருந்தால், காற்றின் ஈரமும் வெப்பமும் அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, பதினைந்து இருபது ஆண்டுகளில் பசபசவென்று ஒட்டும் நிலைக்கோ, விரல் பட்டதும் கரும்பொடியாக உதிரும் நிலைக்கோ கொண்டுவந்துவிடும். கோன் கிழியாமல் வளையம் மட்டும் உதிர்ந்திருந்தால் அது இறந்த ஸ்பீக்கர் அல்ல. புதிய ஃபோம் வளையத்தை ஒட்டும் 'ரீஃபோம்' வேலை, இந்தத் துறையில் செலவுக்கு மிக அதிகப் பலன் தரும் பழுதுபார்ப்பு என்பது என் கருத்து. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: ஒரு ஜோடியில் ஒன்றுக்கு ஃபோம் போய்விட்டால் மற்றதற்கும் அதே வயதுதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள், பசை உலரும் முன் கோன் நடு மையத்தில் நிற்கிறதா என்று பார்க்காவிட்டால் உள்ளிருக்கும் சுருள் காந்தத்தில் உரசும்.

அந்த உரசலை நீங்களே சோதிக்கலாம். இரு கைகளின் விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, சமமான அழுத்தத்துடன் மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். வழுக்கிச் சென்று திரும்பினால் நலம். மணல் தாளைத் தேய்ப்பது போன்ற சரசரப்பு விரலிலோ காதிலோ பட்டால் சுருள் உருக்குலைந்திருக்கலாம். அந்த வூஃபரை மறுசுருள் சுற்ற வேண்டும் அல்லது அதே மாடலைத் தேடிப்பிடிக்க வேண்டும். உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு இந்தச் சோதனை வேண்டாம், அதன் மென்மையான குவிமுகத்தைத் தொடவே கூடாது. ட்வீட்டர் போயிருந்தால் அதே மாடல் உதிரிபாகம் கிடைக்கிறதா என்று பாருங்கள். அளவு பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றை மாட்டினால், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும், பழைய ட்வீட்டருக்காக அமைக்கப்பட்ட கிராஸ்ஓவருடன் அது ஒத்துப்போகாமல் ஒலியின் தன்மை மாறிவிடும்.

மாற்றியே தீர வேண்டும் என்றால், முன்வரிசையின் இடது, சென்டர், வலது மூன்றையும் ஒரே குடும்பத்திலிருந்து எடுப்பது நல்லது. திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்து செல்லும் ஒருவரின் குரல் நடுவில் வேறொருவர் குரலாக மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். பின்வரிசை ஸ்பீக்கர்களில் இந்தக் கண்டிப்பு தேவையில்லை.

சப்வூஃபர்

பெரும்பாலான சப்வூஃபர்களில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது. வெப்பத்திலும் அதிர்விலும் ஆண்டுக்கணக்கில் குலுங்கும் அந்த போர்டுதான் வழக்கமாக முதலில் போகும், கோன் அல்ல. விளக்கே எரியாவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள். ஓயாமல் ரீங்காரம் வந்தால் ரிசீவரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றுங்கள்: ரீங்காரம் நின்றுவிட்டால் குறை கேபிளிலோ எர்த் இணைப்பிலோ இருக்கிறது, நிற்காவிட்டால் உள்ளே உள்ள வடிகட்டிக் கெபாசிட்டர்களைச் சந்தேகிக்கலாம். ஆம்ப் போர்டு முற்றிலும் எரிந்து, அதே போர்டு கிடைக்காத நிலையிலும், கோனும் மரப்பெட்டியும் நன்றாக இருந்தால் பெட்டியின் பின்பலகையில் பொருத்தும் பொதுவான பிளேட் ஆம்ப் ஒன்றையோ தனி ஆம்ப்ளிஃபயரையோ வைத்து அதை மீட்க முடியும். சிறிய, விலை குறைந்த சப்வூஃபருக்கு இவ்வளவு மெனக்கெடுவது வீண்.

ரிசீவர்: இரண்டு மூப்பும் சந்திக்கும் இடம்

முடிவெடுக்க மிகக் கடினமான பெட்டி இதுதான், ஏனெனில் நீண்ட காலம் உழைக்கும் ஆம்ப்ளிஃபயர் பகுதியும் விரைவில் பழசாகும் டிஜிட்டல் பகுதியும் ஒரே உறைக்குள் அடைபட்டிருக்கின்றன.

தேய்மானப் பக்கத்தை முதலில் பார்ப்போம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் வறண்டுகொண்டே போகிறது. இயங்கும் சூட்டில் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. மூடிய அலமாரிக்குள், மேலே வேறொரு பெட்டியைச் சுமந்தபடி இயங்கும் ரிசீவர் விரைவில் கெடுவதற்கு இதுவே பெரிய காரணம். மெக்கானிக் மூடியைத் திறந்ததும், தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கும் கெபாசிட்டர்களைக் காட்டினால், அது செலவு குறைந்த பழுதுபார்ப்பு என்று மகிழலாம். ஒலியளவுத் திருகியைத் திருப்பும்போது வரும் கரகரப்பு, ஒரு சேனல் (ஒரு ஸ்பீக்கருக்கான ஒலிப்பாதை) விட்டுவிட்டுக் கேட்பது, ரிலே என்ற மின்சுவிட்சின் முனையில் கறை, சூட்டில் விரிசல் விட்ட சால்டரிங் ஆகியவையும் இதே வகை. இவற்றைப் பழுது பார்க்கலாம்.

எச்டிஎம்ஐ போர்டோ ஒலியைச் செயலாக்கும் சிப்போ போயிருந்தால் கதை வேறு. படம் வராது, அல்லது எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் மௌனமாகும். சிப்பை மட்டும் தனியே மாற்றுவது நுண்ணிய வேலை; முழு போர்டை மாற்றலாம் என்றால், மாடல் நின்றுபோன பிறகு அது கிடைப்பது அரிது. வேறொரு கெட்ட ரிசீவரிலிருந்து கழற்றிய போர்டைப் பொருத்தித் தருவதாகச் சொன்னால், அந்த போர்டும் அதே ஆண்டுகளை அதே சூட்டில் கழித்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து, காலமாற்ற மூப்பு. எச்டிஎம்ஐ 2002ஆம் ஆண்டு இறுதியில் வந்தது. டிவியின் ஒலியை அதே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதி 2009இல் 1.4 பதிப்புடன் வந்தது. நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட முழுமையான 4கே படத்தைக் கடத்தும் 2.0 பதிப்பு 2013இலும், ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வசதியுள்ள 2.1 பதிப்பு 2017இலும் வெளியாயின. தலைக்கு மேலிருந்தும் ஒலியைக் கேட்கவைக்கும் டால்பி அட்மாஸ் முறையின் வீடுகளுக்கான வடிவம் 2014இல் வந்தது. உங்கள் ரிசீவர் எந்த ஆண்டுக்குரியது என்று தெரிந்தால் அதனால் எது முடியும், எது முடியாது என்பதைப் பெருமளவு ஊகித்துவிடலாம். இதில் புதியவர்களை மிகவும் குழப்புவது எச்டிசிபி 2.2 என்ற நகல் பாதுகாப்பு முறை: அது இல்லாத பழைய ரிசீவர் வழியாக 4கே பிளேயரை இணைத்தால் திரை கறுப்பாகும், அல்லது படம் குறைந்த தெளிவுக்கு இறங்கிவிடும். கருவிகள் எல்லாம் நலமாக இருந்தும் படம் வராத இந்த நிலையில், கேபிள் மேல் கேபிளாக வாங்கிக் குவிப்பதில் பயனில்லை.

ஆனால் இதற்காக ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டும் என்பதில்லை. பிளேயரையும் பிற பெட்டிகளையும் நேரடியாக டிவியில் இணைத்துவிட்டு, டிவியிலிருந்து ஒலியை மட்டும் ஏஆர்சி வழியாகவோ ஆப்டிக்கல் கேபிள் வழியாகவோ ரிசீவருக்கு அனுப்பலாம். ஆப்டிக்கலில் டால்பி டிஜிட்டல் 5.1 வரும், தரக்குறைவின்றிச் சுருக்கப்பட்ட டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்றவை வராது. தொடர்களும் செய்தியும் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வட்டுகளில் படம் பார்ப்பவருக்கு இன்னொரு வழி உண்டு: 4கே ப்ளூ-ரே பிளேயர்கள் பலவற்றில் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடுகள் இருக்கின்றன, ஒன்றில் படத்தை டிவிக்கும், மற்றொன்றில் ஒலியை மட்டும் பழைய ரிசீவருக்கும் அனுப்பினால், மேற்சொன்ன உயர்தர ஒலி வடிவங்களைப் படிக்கத் தெரிந்த ரிசீவர் குறையின்றிப் பாடும்.

அப்படியானால் ரிசீவரை எப்போது மாற்றுவது? ஆம்ப்ளிஃபயர் நலமாக இருந்து எச்டிஎம்ஐ மட்டும் போயிருந்தால், முதலில் மேற்சொன்ன வழிகளை முயன்று பாருங்கள். ஒரு மாதம் அப்படி வாழ்ந்த பிறகும் குறை உறுத்தினால் மாற்றுங்கள். அட்மாஸுக்காக அறையின் உட்கூரையில் ஸ்பீக்கர் பொருத்தத் தயாராக இருப்பவரும், ரிசீவர் வழியாக விளையாட்டுக் கருவியின், நொடிக்கு 120 சட்டங்கள் கொண்ட படத்தைக் கடத்த வேண்டியவரும் புதிய ரிசீவர் வாங்குவதே சரி. டிஜிட்டல் பகுதியும் பவர் பகுதியும் ஒருசேரப் போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

டிவியும் புரொஜெக்டரும்

எல்இடி டிவியில் ஒலி வந்து திரை மட்டும் இருண்டிருந்தால், அறையை இருட்டாக்கி டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்த்துப் பிடியுங்கள். மங்கலான படம் அசைவது தெரிந்தால் பேனல் உயிருடன் இருக்கிறது. பின்னொளிப் பட்டைகளோ அவற்றுக்கு மின்சாரம் தரும் பகுதியோதான் போயிருக்கிறது. தொடராக இணைத்த எல்இடிகளில் ஒன்று அறுந்தாலே முழுப் பட்டையும் அணைந்துவிடும். பட்டைகளை மாற்றுவது நடக்கக்கூடிய வேலை, ஆனால் எரிந்ததை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்லுங்கள். பேனல் விரிசல் விட்டாலோ, ஓஎல்இடி திரையில் நிலையான உருவம் தங்கிவிட்டாலோ, பேனலின் விலையே புதிய டிவியை நெருங்கிவிடும்.

புரொஜெக்டரில் படம் மங்கியதும் கருவியே கிழடாகிவிட்டது என்று எண்ணுபவர்கள் அதிகம். பெரும்பாலும் கிழடாகியிருப்பது விளக்குதான். பாதரச விளக்குகளின் ஆயுள் பொதுவாக 2,000 முதல் 5,000 மணி நேரம் என்று குறிக்கப்படுகிறது, அந்த எல்லையை எட்டும்போது வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகியிருக்கும். மெனுவில் விளக்கு நேரத்தைப் பாருங்கள், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு விளக்கை மாற்றுங்கள். சூடு முழுவதும் ஆறிய பின்னரே தொடுங்கள், கண்ணாடிப் பகுதியில் விரல் படக் கூடாது, மாற்றியதும் மணிக்கணக்கை மெனுவில் பூஜ்யமாக்க மறக்க வேண்டாம். எல்சிடி புரொஜெக்டரின் படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ திட்டு விழுந்திருந்தாலோ, டிஎல்பி வகையில் நட்சத்திரங்கள் போல் வெண்புள்ளிகள் பெருகினாலோ, ஒளிப்பாதையின் உட்பாகங்களே கெடத் தொடங்கிவிட்டன. அதற்குப் புதிய விளக்கு வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

பிளேயரின் தட்டு வெளியே வராவிட்டால் உள்ளிருக்கும் சிறு ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கலாம், மாற்றுவது எளிது. லேசர் கண் போய்விட்டால் சாதாரண பிளேயரை விட்டுவிடுங்கள். எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வரும் தொகுப்புகளின் மையப் பெட்டி போனால் தொகுப்பே போனதாகத்தான் கொள்ள வேண்டியிருக்கும்: அவற்றின் ஸ்பீக்கர்கள் பலவற்றுக்குத் தனி வகைச் செருகிகள், குறைந்த ஓம், சப்வூஃபர்கள் பலவற்றுக்குச் சொந்த ஆம்ப்ளிஃபயரே கிடையாது. அவற்றை வேறு ரிசீவரில் கோர்த்தால் நல்ல ரிசீவருக்கும் ஆபத்து.

கணக்கும் கேள்விகளும்

பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்பது பலரும் சொல்லும் விதி. அது தொடக்கத்துக்கு உதவும், ஆனால் கிடைக்கப்போகும் ஆண்டுகளை அது கணக்கில் கொள்வதில்லை. புதிய ரிசீவரின் விலை 100 என்றும், அது எட்டு ஆண்டுகள் உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 12.5 ஆகிறது. பழைய போர்டைப் பொருத்தும் 40 பங்குச் செலவு இரண்டே ஆண்டுகள் தரும் என்றால் ஆண்டுக்கு 20 ஆகிறது. பாதிக்கும் குறைவாக இருந்தும் அது நட்டம். நல்ல ஸ்பீக்கர் ஜோடிக்கு அதன் விலையில் 15 பங்கு செலவிட்டு ஃபோம் மாற்றிப் பதினைந்து ஆண்டுகள் பெற்றால் ஆண்டுக்கு 1 மட்டுமே.

மெக்கானிக்கிடம் ஒப்படைக்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். சோதனைக்கு மட்டும் கட்டணம் எவ்வளவு, பழுது பார்க்காவிட்டாலும் அது வசூலிக்கப்படுமா? கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுவாரா, முழு போர்டையா? போர்டு புதியதா, கழற்றியதா? செய்த வேலைக்கு எத்தனை மாதப் பொறுப்பு? கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவாரா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் சற்று அதிகக் கூலி கொடுத்தாலும் தகும்.

மாற்றுவது என்று முடிவானால், பழைய பெட்டியின் பின்புறத்தைப் புகைப்படம் எடுத்துவைத்து, புதியதன் பின்புறத்துடன் ஒப்பிடுங்கள். பழைய உயர்நிலை மாடலில் இருந்த, தனி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அனுப்பும் ப்ரீ-அவுட் துளைகளும் அனலாக் துளைகளும் புதிய தொடக்கநிலை மாடலில் இல்லாமல் போகலாம். வாட் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம்: 8 ஓமில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை இரு சேனல்களும் இயங்கும்போது அளந்த 80 வாட், 6 ஓமில் 1 கிலோஹெர்ட்ஸில் ஒரே சேனலை 10 சதவீதச் சிதைவுடன் அளந்த 150 வாட்டைவிட வலுவாக இருக்கக்கூடும்.

பழுது பார்ப்பது என்று முடிவானால், பெட்டி திரும்பி வந்ததும் அதன் மேலும் பக்கங்களிலும் ஒரு சாண் அளவு காற்றோட்ட இடம் விட்டு வையுங்கள். பழைய இடுக்கிலேயே மீண்டும் அடைத்தால் புதிய கெபாசிட்டரும் அதே சூட்டில் வறளும். தேதியையும், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதையும் சிறு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அது படுக்கும்போது, ஏற்கெனவே மாற்றியதையே மறுபடியும் மாற்றச் செலவிட வேண்டியிராது.